எட்டாம் கட்டத்துத் துரு

“வெளிய வாலே. எங்க போயி ஒளிஞ்சுக்கிட்ட?”

ராமசுப்பு திட்டுவது ஆளை இல்லை. பழைய இரும்புக் கேட் ஒன்றைத் தரையில் கிடத்தி, அதன் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, கீல் இடுக்கில் கம்பி பிரஷ்ஷை விட்டுச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். உள்ளே துரு. துரு அவருக்கு ஒரு ஆள். அதற்கு அப்பன் உண்டு, ஆத்தா உண்டு, மானம் ரோசம் மட்டும் கிடையாது. “திங்கத் திங்க ஒனக்கு அடங்காதோ? யாரு வீட்டு இரும்புலே இது?” என்று கேட்டபடி உப்புத்தாளை மடித்து மீதியைத் தேய்ப்பார். கேட்டைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர்கள், தங்களைத்தான் சொல்கிறாரோ என்று பின்னால் நகர்ந்து நிற்பதுண்டு.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற சாலையில், தகரக் கூரை போட்ட பட்டறை அவருடையது. கேட், கிரில், ஜன்னல், தண்ணீர்த் தொட்டிக்கு ஏணி எல்லாம் செய்வார். பெயர்ப்பலகை கிடையாது. எழுதித் தருகிறேன் என்று வந்த ஆளோடு முதல் எழுத்திலேயே சண்டை வந்துவிட்டது. ஆள் குட்டை. முன்கை இரண்டிலும் தீப்பொறி தெறித்த புள்ளிகள். வெல்டிங் வைக்கும்போது கண்ணுக்கு மறைப்புப் பிடிக்க மாட்டார். பொறி கிளம்புகிற நேரத்தில் முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். கண் போய்விடும் என்று சொன்னால் அதற்கும் கோபம் வரும்.

கோபம் இல்லாமல் அவருக்கு வேலை ஓடாது. கரண்டு போனால் திட்டுவார். வந்தால், இப்பத்தான் வரணுமோ என்று திட்டுவார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து யாராவது கேட் செய்யச் சொல்லி வந்தால், “உப்புக்காத்துல இரும்பு கேட்டா? மூங்கித் தட்டி வச்சுக்கிடும்வே” என்று வாசலோடு அனுப்பப் பார்ப்பார். ஆனால் திட்டு வாங்கியவருக்கு டீ நிச்சயம். எதிர்க்கடையில் சொல்லி வாங்கித் தன் கையாலேயே நீட்டுவார். கிளாஸ் காலியாவதற்குள் கோபம் ஆறியிருக்கும்.

ஆறாத கோபம் ஒன்றே ஒன்று உண்டு. அது மகள் பாண்டிச்செல்வியின் ஜாதகத்தில், எட்டாம் கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது.

பாண்டிச்செல்வி ஒரே மகள். இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஊரில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிறாள். அப்பாவின் மூக்கு, அம்மாவின் குரல். எட்டில் செவ்வாய் இருக்கிற பெண்ணைக் கட்டினால் மாப்பிள்ளை உயிருக்கு ஆகாது என்று ஜோசியம் சொல்கிறது. இதை யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. வருவார்கள், கேசரி தின்பார்கள், காபி குடிப்பார்கள், பெண் நல்ல லட்சணம் என்பார்கள். பிறகு தரகர் சோலையிடமிருந்து போன் வரும். “அண்ணாச்சி, அவியளுக்குப் பொருத்தம் கொஞ்சம் இடிக்குதாம்.”

ஒரு வீட்டார் மட்டும் நேராகச் சொன்னார்கள். மாப்பிள்ளைக்கு அத்தை முறையுள்ள அம்மாள், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “எங்களுக்கு ஒத்தப் பிள்ளைல்லா, பயமா இருக்கு” என்றாள். வெளியே தூறல். ராமசுப்பு உள்ளே போய் அவளுக்குக் குடை எடுத்து வந்து கொடுத்தார். தன் மகள் ஆளைக் கொல்லுகிறவள் என்று தன் வாசலிலேயே நின்று ஒருத்தி சொன்னாள், அவள் நனையக் கூடாது என்று தான் குடை கொடுத்தோம் என்பதை நினைக்க நினைக்க அவருக்கு இன்றைக்கும் உடம்பெல்லாம் எரியும். குடையும் திரும்பி வரவில்லை.

“ஆகாசத்துல கெடக்க ஒரு உருண்டைக்கும் எம்மவளுக்கும் என்ன வாய்க்கா வரப்புத் தகராறு?” என்று அன்று மதியம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து கத்தினார். மனைவி சுடலையம்மாள், “மொதல்ல சாப்பிடுங்க, பெறவு ஆகாசத்தோட சண்டைக்குப் போகலாம்” என்றாள். பாண்டிச்செல்வி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“யப்பா, அது ஏன் செவப்பா இருக்குன்னு தெரியுமா?”

“கெட்ட புத்தி. அதான்.”

“துரு.”

“எது?”

“செவ்வாய்தான். அங்கன பாறையில, மண்ணுல எல்லாம் இரும்பு கெடக்கு. அது துருப்பிடிச்சுப் பொடியாகி, கிரகம் பூராவும் தூசியாப் பறந்து மூடியிருக்கு. அவ்வளவுதான் அதோட செவப்பு. ஒங்க நகக்கண்ணுல இருக்கே, அதே செவப்பு.”

ராமசுப்பு சோற்றிலிருந்து கையை எடுத்து நகத்தைப் பார்த்தார். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத சிவப்பு அது. அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆயுள் பூராவும் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் குப்பையில் கொட்டிய சரக்கு, மேலே போய் உட்கார்ந்துகொண்டு தன் வீட்டுக்கு மாப்பிள்ளை வரவிடாமல் செய்கிறது! இத்தனை நாளும் எதிரி யார் என்று தெரியாமல் அவர் கோபப்பட்டுக்கொண்டிருந்தார். இப்போது ஆள் அகப்பட்டுவிட்டான்.

அதன் பிறகு அவருக்கு எல்லாக் கிரகத்தின் சங்கதியும் தெரிந்தாக வேண்டியிருந்தது. படிக்கிற ஆசை ஒன்றும் இல்லை. சண்டைக்குப் போகிற இடத்தில் வாயடைத்து நிற்கக் கூடாது, அவ்வளவுதான். மகளை விடாமல் கேட்பார். அவளும் சளைக்காமல் சொல்வாள்.

“வெயில்ல எல்லாக் கலரும் கலந்துதான் வருது. ஒவ்வொண்ணும் தனக்கு வேணுங்கத வச்சுக்கிட்டு, வேண்டாததத் திருப்பி அனுப்பும். திரும்பி வாறதுதான் நம்ம கண்ணுல படும். துரு நீலத்த விழுங்கிரும், செவப்பத் திருப்பி விட்டுரும்.”

“அப்ப, வேண்டாம்னு தள்ளுனதுதான் அதுக்குக் கலரா?”

“ஆமா.”

“நல்ல நியாயம்” என்றார் ராமசுப்பு. திரும்பி வந்த ஜாதகம் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்து அவருக்கு மறுபடி ஆத்திரம் ஏறியது.

“நம்ம கரிசல்ல இரும்பு இல்லையா? அது ஏன் செவக்கல?” என்று ஒரு நாள் கேட்டார். இருக்கிறது என்றாள். எல்லா இரும்பும் ஒன்றுபோலத் துருப்பிடிப்பதில்லை, காற்றும் தண்ணீரும் எப்படிச் சேர்கிறது, கூட என்ன களி, என்ன மக்கிப்போன தழை கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது என்றாள். சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டு மணல்மேடு சிவப்பாக இருப்பதும் இரும்பால்தான் என்றாள். அவ்வளவுதான், அவருக்கு அடுத்த ஆயுதம் கிடைத்துவிட்டது. அவர்களுடைய குலசாமி அந்தத் தேரிக்குள்தான் இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு வேன் பிடித்துப் போய், அந்த மணலில் புரண்டு, நெற்றியிலும் இட்டுக்கொண்டு வருகிற சொந்தக்காரர்களைப் பிடித்துவைத்துக் கேட்டார்: “இங்கன இருந்தா சாமி மண்ணு, அங்கன இருந்தா தோசமா? ஒரே சரக்குதானவே!” அவர்கள் வேனில் ஜன்னலோரத்தைப் பிடிக்க ஓடிவிட்டார்கள்.

சுக்கிரன் கதையைக் கேட்டபோது அவர் துள்ளிக் குதித்தார். சுக்கிரன் வெள்ளையாக, லேசாக மஞ்சளடித்துப் பளபளப்பது தரையின் நிறமே இல்லையாம். தரை தெரியாதபடி மேகம் மூடியிருக்கிறதாம். அந்த மேகம் கந்தக அமிலமாம். “பேட்டரிக்கு ஊத்துதமே, அந்த ஆசிட்டுதான் யப்பா.” ராமசுப்பு எழுந்து நின்றுவிட்டார். “ஆசிட்டப் பாத்து, எனக்கு சுக்கிர தெசை அடிக்குன்னு பல்ல இளிக்கியானுவ. துருவப் பாத்து அழுதானுவ! துரு ஆளைக் கொல்லுமா, ஆசிட்டு கொல்லுமா? ஒரு வெல்டிங்காரன்ட்ட கேட்டுட்டுல்லா கட்டம் போட்டிருக்கணும்!”

புதன் வெறும் சாம்பல் நிறப் பாறை. காற்றுப் போர்வை இல்லை, வெயிலும் எரிகல்லும் அடித்து அடித்துப் பொடியாகிக் கிடக்கிறது. கோயிலில் புதனுக்குப் பச்சைத் துண்டு கட்டுகிறார்கள். சனியோ வெளிறிய மஞ்சள். அவருக்குக் கறுப்புத் துணி. வியாழனில் அம்மோனியா மேகம். “ஐஸ் கம்பெனிப் பக்கம் போனா மூக்கப் பிடிச்சுக்கிடுவமே, அந்த வாடை” என்றாள் மகள். வியாழனின் பட்டைகளில் அந்தப் பழுப்பும் செம்மையும் எதனால் என்று விஞ்ஞானிகளுக்கே இன்னும் உறுதியாகத் தெரியாது என்றும் சொன்னாள். “தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுதான் பாரு, அவன் மனுசன்” என்றார் ராமசுப்பு. கடைசியில் யுரேனஸும் நெப்டியூனும் மீத்தேன் வாயுவால் நீலம் பூத்திருப்பதையும், அந்த வாயு சிவப்பை விழுங்கிவிடுவதையும் கேட்டுவிட்டு அவர் அடைந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. “செவப்பத் திங்கதுக்கு மேல ரெண்டு பேரு இருக்கானுவ. சோசியன் கட்டத்துல அவனுவளுக்கு எடமே கெடையாது!”

இத்தனையையும் வைத்துக்கொண்டு அவர் ஊரில் யாரையும் விடவில்லை. பெயிண்ட் கடை கமால்தான் முதலில் மாட்டினார். கமாலும் அவரும் இளவட்ட வயசிலிருந்தே கூட்டாளிகள்.

“பாய், இந்த ரெட் ஆக்சைடு டப்பாவுக்குள்ள என்ன இருக்கு?”

“ரெட் ஆக்சைடுதான் அண்ணாச்சி.”

“அப்படின்னா?”

“இரும்பு ஆக்சைடு.”

“தமிழ்ல சொல்லும்.”

கமால் தாடியைச் சொறிந்தார். “ஒரு வகையில பாத்தா... துருதான்.”

“துருவுக்கு மேல துருவப் பூசத்தான் இத்தன வருசமா ஒமக்குத் துட்டு தாரேனா?”

“இது எண்ணெய்ல அரைச்ச துரு அண்ணாச்சி. இதுக்கு மேல துருப்பிடிக்காது, அடியில இருக்கதயும் காக்கும். அதத் திட்டாதீங்க” என்றார் கமால். பிறகு குரலைத் தாழ்த்தி, “எங்க மவ சனாவுக்குப் பாத்தப்ப கிரகத்தக் கேக்கல, நெறத்தக் கேட்டாவ. பிள்ளை கொஞ்சம் மாநிறம்லா. ஒவ்வொருத்தனும் ஒரு கட்டம் வச்சிருக்கான்” என்றார். அன்று டீ வாங்கிக் கொடுத்தது கமால்.

தரகர் சோலை பட்டபாடுதான் பெரிது. தோஷ ஜாதகத்துக்குத் தோஷ ஜாதகத்தையே சேர்த்தால் சரியாகிவிடும் என்று அவர் ஒரு வரனைக் கொண்டுவந்தார். பையனுக்கு ஏழில் செவ்வாய். ராமசுப்பு அவரைக் கேட் சட்டத்தின் மேல் உட்காரவைத்துக் கேட்டார்: “துருவும் துருவும் சேந்தா என்னவே ஆகும்? ஓட்டைதான் விழும். இது தெரியாமயா தரகு பாக்கீரு?” சோலை உட்கார்ந்த இடம் அப்போதுதான் பெயிண்ட் அடித்தது. வேட்டியில் சிவப்புப் பட்டையோடு எழுந்து போனவர் பல மாதம் எட்டிப் பார்க்கவில்லை.

இப்படி ஊரெல்லாம் துரு துரு என்று கத்திக்கொண்டிருந்த மனிதருக்கு வந்தது ஒரு சோதனை. விளாத்திகுளத்திலிருந்து வந்தது.

வெயிலுமுத்து அங்கே மிளகாய் விவசாயி. அவர் மனைவி இசக்கிச்செல்வி. மகன் ஜெயபாண்டி கயத்தாற்றில் காற்றாலை கம்பெனியில் டெக்னீஷியன். பெல்ட்டை மாட்டிக்கொண்டு காற்றாடிக் கோபுரத்தின் உச்சிக்கு ஏறி வேலை பார்க்கிறவன். அவனுடைய சித்தி, பாண்டிச்செல்வி வேலை பார்க்கிற அதே பள்ளியில் ஆசிரியை. அவள் சொல்லித்தான் வந்தார்கள். ஜெயபாண்டியும் பாண்டிச்செல்வியும் வாசலில் நின்று கொஞ்ச நேரம் பேசினார்கள். அவள் சிரித்த சத்தம் உள்ளே கேட்டது. வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது. ராமசுப்பு தொண்டையைச் செருமிக்கொண்டு, வழக்கமான கேள்விக்குத் தயாராக, ஜாதகத்தை எடுக்க எழுந்தார்.

“அதெல்லாம் வேண்டாம்ண்ணே” என்றாள் இசக்கிச்செல்வி. “நாங்க பாக்குததில்ல. எங்க அக்காவுக்குப் பத்துப் பொருத்தமும் பாத்துத்தான் கட்டிக்கொடுத்தாவ. அவ பட்டது எங்களுக்குப் போதும். பிள்ளைய எங்களுக்குப் பிடிச்சிருக்கு. கோடைக்குள்ள முடிச்சிருவோம்.”

எந்த வார்த்தைக்காக இத்தனை வருஷம் ஊரோடு மல்லுக்கட்டினாரோ, அந்த வார்த்தை கூடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. இதற்கு மேல் ஒரு தகப்பனுக்கு என்ன வேண்டும்? காலில் விழாத குறையாக வரவேற்றிருக்க வேண்டாமா? ராமசுப்பு தலையை ஆட்டினார். அவர்களை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போதே அவர் முகம் சரியில்லை.

“அதெப்படிட்டி பாக்காம இருப்பாவ?” என்று மனைவியிடம் கேட்டார். “ஊரு ஒலகத்துல எல்லாவனும் பாக்கான். இவிய மட்டும் வேண்டாங்காவன்னா, பையன்ட்ட என்னமோ வில்லங்கம் இருக்கு.”

சுடலையம்மாள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். “பாத்தவனையும் திட்டுனிய. பாக்காதவனையும் திட்டுதிய. ஒங்களுக்கு என்னதான் வேணும்?”

அவருக்கே தெரியவில்லை. கயத்தாற்றுக்குப் போய்ப் பையனைப் பற்றி டீக்கடை டீக்கடையாக விசாரித்தார். பையன் தங்கம் என்றார்கள். குடி இல்லை, கடன் இல்லை, வேறு பெண் சகவாசம் இல்லை. அத்தோடு விட்டிருக்கலாம். கைதான் சும்மா இருக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று இசக்கிச்செல்விக்குப் போன் போட்டார்.

“தங்கச்சி, மாப்பிள்ளை பொறந்த நாளு என்னைக்கு? பாப்பா கேக்கு வாங்கணும்னு சொல்லுது.”

அவள் தேதியும் வருஷமும் சொன்னாள்.

“நேரம்?”

“விடியக்காலம் நாலே முக்காலுண்ணே. விளாத்திகுளம் கெவர்மெண்டு ஆஸ்பத்திரி” என்று நிதானமாகச் சொன்னாள்.

கேக் வாங்குகிறவன் பிறந்த நேரத்தைக் கேட்பானா என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை. சூதுவாது தெரிந்தவர்கள் செய்கிற காரியத்தை அவரைப் போன்ற முன்கோபிகள் செய்தால் இப்படித்தான் இளிக்கும்.

உள்ளூர் ஜோசியர்கள் அத்தனை பேரோடும் சண்டை. அதனால் ஆள் பழக்கமில்லாத ஒருவரைத் தேடிக் கழுகுமலைக்குப் போனார். அந்த ஜோசியர் பையனுக்கும் கட்டம் போட்டு, இரண்டு ஜாதகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “பையனுக்குச் சுத்த ஜாதகம். ஒரு தோசமும் கெடையாது” என்றார். ராமசுப்புவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. “அதான் கஷ்டம்” என்றார் ஜோசியர். “சுத்த ஜாதகத்துல எட்டாம் எடத்துச் செவ்வாயக் கொண்டுபோயி வச்சா, பையன் தாங்க மாட்டான். ஒசரமான எடத்துல வேலை பாக்கானோ?”

மகாபாவி, இதை மட்டும் கேட்காமல் இருந்திருக்கலாம். வந்தவுடனே பையன் என்ன வேலை என்று விசாரித்து, கயத்தாறு, காற்றாலை என்று ராமசுப்பு வாயாலேயே சொல்லக் கேட்டிருந்தார் அவர். அதை ராமசுப்பு மறந்துவிட்டார். வேறெதுவும் அவர் காதில் ஏறவில்லை. கோவில்பட்டி பஸ்ஸில் திரும்பி வரும்போது வழியில் தூரத்தில் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

அந்த வாரம் பட்டறையில் சத்தமே இல்லை. துருவைத் தேய்த்தார், திட்டவில்லை. கரண்டு போயிற்று, வந்தது, ஒரு வார்த்தை இல்லை. எதிர் டீக்கடைக்காரர், “அண்ணாச்சிக்கு மேலுக்குச் சொகமில்லையோ” என்று கேட்டுவிட்டுப் போனார். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தால், “பொறுங்க, பாக்கலாம்” என்பார். ‘பாக்கலாம்’ என்ற வார்த்தையை மாப்பிள்ளை வீட்டார் வாயிலிருந்து கேட்டுக் கேட்டுச் சலித்த வீடு அது. சுடலையம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். பாண்டிச்செல்வி பார்க்கவில்லை. அவளுக்கு விளாத்திகுளத்திலிருந்து போன் வந்திருந்தது.

சனிக்கிழமை மதியம் பள்ளி முடிந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. வண்டியை நேரே பட்டறைக்கு விட்டாள்.

“எந்தச் சோசியர்கிட்ட போனீங்க?”

ராமசுப்பு கிரைண்டரை நிறுத்தினார்.

“அவிய அம்மா போன் பண்ணாவ. ‘அப்பா பொறந்த நேரமெல்லாம் கேட்டாவம்மா, கேக்கு விடியக்காலமே வெட்டணுமோ’ன்னு சொல்லிச் சிரிச்சாவ. எனக்குச் சிரிக்க முடியலப்பா.”

“பையனுக்குச் சுத்த ஜாதகம்ட்டி” என்றார். “அவன் ஏறுத வேலை பாக்கான். நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா ஒன்னத்தான் சொல்லுவாவ. ஆயுசு பூராவும் சொல்லுவாவ. நான் அதக் கேட்டுக்கிட்டு இருக்கணுமா?”

“அவிய யாரும் சொல்லல. நீங்கதான் சொல்லுதீங்க.” அவளுக்கு அப்பாவைப் போலக் கத்த வராது. மெதுவாகத்தான் பேசினாள். அது அவருக்கு அடி வாங்குவதைவிட வலித்தது. “செருப்ப மாட்டிக்கிட்டே ஒருத்தி சொல்லிட்டுப் போனாளே, அவளுக்கு நான் யாரோ. அவள நான் அன்னைக்கே மறந்துட்டேன். நீங்க என்னைத் தோள்ல தூக்கிச் சொமந்தவரு. நீங்களும் என்னைப் பாத்துப் பயந்தா நான் எங்கப்பா போவேன்?”

“நான் ஒன்னப் பாத்துப் பயப்படல.”

“பெறவு எதப் பாத்து? துருன்னு சொன்னது நான். ஊரு பூராவும் கத்துனது நீங்க. நான் சொன்னத நான் நம்புதேன். நீங்க கோவத்த மட்டுந்தான் நம்புனீங்க.”

ராமசுப்பு கோபம் வரும் என்று காத்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அது வரவில்லை. அவள் தன் போனை எடுத்தாள், இசக்கிச்செல்வியின் எண்ணைப் போட்டாள், சத்தம் வெளியே கேட்கும்படி வைத்து அவர் கையில் திணித்தாள். “இந்தாங்க. எம்மவ ஒங்க மவன உயிரோட விடமாட்டான்னு நீங்களே சொல்லிருங்க. ஒங்க வாயால சொல்லி நான் கேக்கணும்.”

மணி அடித்தது. எடுத்துவிட்டார்கள்.

“நாந்தான், ராமசுப்பு.”

“சொல்லுங்கண்ணே, வெரசாச் சொல்லுங்க. களத்துல வத்தலு காயுது. மேகம் கூடிக்கிட்டு வருது.” பின்னால் யாரோ தார்ப்பாயை இழுக்கிற சத்தம் கேட்டது.

“தங்கச்சி... அன்னைக்கு நேரம் கேட்டேம்லா. அது கேக்குக்கு இல்ல.”

“தெரியும்ண்ணே. தெரிஞ்சுதான் சரியான நேரத்தச் சொன்னேன். பொண்ணப் பெத்தவிய, மனசு கெடந்து அடிக்கும்லா. பாத்தாச்சா?”

“பாத்தாச்சு.”

“சரி. என்ன சொன்னாவன்னு எனக்குச் சொல்லாண்டாம். நாங்க பேசி முடிக்க எப்ப வர? அத மட்டும் சொல்லுங்க. மழை விழுந்தா வத்தலு போச்சு.”

ராமசுப்பு மகளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்காமல், பாதி வெல்டிங் ஆன ஜன்னல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்து நின்றாள். எத்தனையோ வீட்டார் முன்னால் தட்டோடு வந்து நின்றபோதெல்லாம் நடுங்காத அந்தக் கை இப்போது நடுங்கியது. ஜோசியர் சொன்னது பொய் என்று அவருக்கு அப்போதும் உறுதியாகத் தெரியாது. பயம் அப்படியேதான் இருந்தது. ஆனால் இந்தக் கை நடுங்குவது அந்தப் பயத்தால்தான் என்பது மட்டும் தெரிந்தது.

“அண்ணே, இருக்கீங்களா?”

“இருக்கேன். நாளைக்கே வாங்க தங்கச்சி. நல்ல நேரம் கெட்ட நேரம் ஒண்ணும் பாக்காண்டாம். எப்ப வந்தாலும் சரிதான். போயி வத்தல அள்ளுங்க.”

போனைப் பட்டறை பெஞ்சின் மேல் வைத்தார். பாண்டிச்செல்வி இன்னும் திரும்பவில்லை. அவர் கைகளை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டார். சுற்றிவந்து அவளுக்கு எதிரே நின்றார். எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்கள் எல்லாம் பார்க்க, செருப்பைக் கழற்றிவிட்டு, வலது கையால் இடது கன்னத்திலும் இடது கையால் வலது கன்னத்திலும் மாறி மாறிப் போட்டுக்கொண்டார்.